அண்ணலாரின் இல்லத்துப் பணியாளர் ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி)

வேலைக்கு ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல் நம் இல்லங்களில் ஓய்ந்தபாடில்லை. ஒருத்தி வந்து மூன்று மாதம் பாத்திரம் துலக்கினாள். சொல்லாமல் கொள்ளாமல் நின்று போனாள். அடுத்தவள் பெருநாளைக்கு முதல் நாள், தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது வரவில்லை. இன்னொருத்தி இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டில் சேர்ந்துவிட்டாள். போனவர்களின் குறைகளையெல்லாம் வரிசையாகச் சொல்ல நமக்குத் தெரிகிறது. அவர்கள் வந்த அன்று நாம் என்ன சொன்னோம்? இன்னின்ன வேலை, இன்ன நேரம், இவ்வளவு சம்பளம், இந்த நாளில் விடுமுறை என்று வாய் திறந்து சொன்னோமா? கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. வந்தவள் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்துவிடுகிறோம். தெரிந்துகொள்ளாதபோது கோபப்படுகிறோம்.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஸஹாபியின் வாழ்க்கையைப் பார்ப்போம். பத்து வயதில் ஓர் இல்லத்துக்குப் பணிவிடை செய்ய வந்தவர்கள். பத்து ஆண்டுகள் நின்றவர்கள். எஜமானரின் வபாத்துதான் அந்தப் பணியை முடித்து வைத்தது. அவர்கள் அடிமையல்ல, சுதந்திரமான குடும்பத்துப் பிள்ளை. தாய் வீடும் அதே ஊரில்தான் இருந்தது. என்றாவது ஒருநாள் மனம் கசந்திருந்தால் உம்மாவிடம் ஓடிப் போயிருக்கலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் ஓடவில்லை. அவர்கள்தாம் ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள்.

பின்னாளில் மதீனா என்று பெயர் பெற்ற யத்ரிபில், கஸ்ரஜ் கோத்திரத்தின் பனூ நஜ்ஜார் கிளையில், ஹிஜ்ரத்துக்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன் பிறந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிபைப் பெற்ற தாயும் இந்தக் கிளையைச் சேர்ந்தவர்தான். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) முதன்முதலில் இஸ்லாத்தைத் தழுவிய மதீனத்துப் பெண்களில் ஒருவர். கணவர் மாலிக் இப்னு நள்ருக்கு இது பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு ஷாம் தேசம் போனார், அங்கேயே இறந்தார். பின்னர் அபூதல்ஹா பெண் கேட்டு வந்தபோது, நீர் இஸ்லாத்தை ஏற்பதே எனக்கு மஹர், வேறொன்றும் வேண்டாம் என்று சொன்ன வீர மாது இவர். திருமணமானாலும் சரி, பிள்ளையைப் பணிக்கு அனுப்புவதானாலும் சரி, முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளும் குணம் இந்த அம்மையாரிடம் இருந்தது.

கி.பி. 622-ல் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேர்ந்தார்கள். அன்ஸாரிகள் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உம்மு ஸுலைமிடம் கொடுக்கப் பொருள் இல்லை. மகன் இருந்தான். அவனை அழைத்துப் போய், இவன் என் மகன், புத்திசாலி, எழுதத் தெரிந்தவன், தங்களுக்குப் பணிவிடை செய்வான் என்று ஒப்படைத்தார். அபூதல்ஹா (ரலி) அவர்கள் கைப்பிடித்து அழைத்துச் சென்றதாகவும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. எப்படியாயினும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை உள்ளபடி சொல்லித்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மதீனாவில் எழுதத் தெரிந்தவர்கள் சிலரே. அதைத் தவிர வேறு பெருமை எதுவும் ஏற்றிச் சொல்லவில்லை.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அனஸ் (ரலி) பத்து வயதில் பணிக்கு வந்தார்கள் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு, ஏழை வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து அடுப்படியில் உட்கார்த்தி வைப்பதற்கு யாரும் ஆதாரம் தேட வேண்டாம். அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்த இடம் வஹீ இறங்கிய வீடு. அங்கே கற்ற கல்வியை உலகம் இன்றும் ஓதிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலோ 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது.

இனி அனஸ் (ரலி) அவர்கள் செய்த வேலை என்ன என்று பார்ப்போம். பெருமானார் (ஸல்) வெளியே போகும்போது இன்னொரு சிறுவரோடு சேர்ந்து தோல் பாத்திரத்தில் தண்ணீரும், நுனியில் இரும்பு பதித்த சிறு ஈட்டியும் எடுத்துப் போவார்கள். ஏவிய இடத்துக்குப் போய்ச் சேதி சொல்வார்கள். விருந்தாளிகளை அழைத்து வருவார்கள். ஹிஜ்ரி 7-ல் கைபர் போருக்குப் புறப்பட்டபோது, வழியில் பணிவிடை செய்ய ஒரு பையன் வேண்டும் என்று அபூதல்ஹாவிடம் பெருமானார் (ஸல்) கேட்டார்கள். அபூதல்ஹா தம் ஒட்டகத்தில் பின்னால் ஏற்றி அழைத்துச் சென்றது அனஸைத்தான்.

ஏவுவது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஹிஜ்ரி 5-ல் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோடு நிக்காஹ் நடந்தபோது, உம்மு ஸுலைம் (ரலி) பேரீச்சம்பழமும் நெய்யும் சேர்த்துச் செய்த ஹைஸ் என்ற பலகாரத்தைக் கல் பாத்திரத்தில் வைத்து மகனிடம் கொடுத்தனுப்பினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, இன்னாரை அழைத்து வா, இன்னாரை அழைத்து வா என்று பெயர் குறித்துச் சொன்னார்கள். பிறகு, வழியில் யாரைக் கண்டாலும் அவர்களையும் அழைத்து வா என்றார்கள். ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். பத்துப் பத்துப் பேராக உட்காரச் செய்து, அவரவர் தம் பக்கத்திலிருப்பதை உண்ணச் சொன்னார்கள். எல்லோரும் வயிறார உண்டபின் பாத்திரத்தை எடு என்று அனஸுக்குச் சொன்னார்கள். வைத்தபோது அதிகமாக இருந்ததா, எடுத்தபோது அதிகமாக இருந்ததா என்று தமக்குத் தெரியவில்லை என அனஸ் (ரலி) பின்னால் சொல்வார்கள். அது முஃஜிஸாத். நாம் பார்க்க வேண்டியது அந்த ஏவலின் தெளிவு. யார், எத்தனை பேராக, எந்த முறையில், எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டன. வேலை செய்யும் பிள்ளை யூகித்து அலைய வேண்டியதாக எதுவும் மிஞ்சவில்லை.

அதே திருமண விருந்தில்தான் இன்னொன்றும் நடந்தது. உண்டு முடித்த சிலர் எழுந்து போகாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்கு எழுந்து போங்கள் என்று சொல்ல வெட்கம். வெளியே போய் வந்தார்கள், அப்போதும் இருந்தார்கள். கடைசியில் அவர்கள் போய்விட்டார்கள் என்று அனஸ் (ரலி) வந்து தெரிவித்தபோது, பெருமானார் (ஸல்) உள்ளே நுழைந்தார்கள். வழக்கம்போல் அனஸும் பின்னால் நுழையப் போனார்கள். திரை விழுந்தது. ஹிஜாபுடைய வசனம் இறங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளாகத் தடையின்றிப் போய் வந்த வீடு. வயதோ ஏறக்குறைய 15 ஆகிவிட்டது. அன்றோடு எல்லை மாறியது. ஆனால் பணி நின்றுவிடவில்லை, அன்பும் குறையவில்லை. ஹிஜாப் வசனம் இறங்கிய விவரத்தைத் தம்மைவிட நன்கறிந்தவர் இல்லை என்றும், உபை இப்னு கஅப் (ரலி) போன்ற பெரியவரே அதைப் பற்றித் தம்மிடம் கேட்பார் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் பெருமையோடு நினைவுகூர்வார்கள். தம்மை வெளியே நிறுத்தினார்கள் என்ற மனக்குறையின் சாயல்கூட அதில் இல்லை.

வீட்டுக்குள் போகவரும் எல்லையைக் குர்ஆன் ஷரீபே வகுத்துத் தருகிறது. அந்நூர் அத்தியாயத்தின் 58-வது வசனத்தில், அடிமைகளும் பருவமடையாத பிள்ளைகளும் மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று வருகிறது. பஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின். அந்த மூன்று நேரமல்லாமல் அவர்கள் உங்களைச் சுற்றி வருவதில் குற்றமில்லை என்றும் அதே வசனம் சொல்கிறது. தடுக்கப்பட்டது எது, அனுமதிக்கப்பட்டது எது என்று இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று. நம் வீடுகளில் எந்த அறைக்குள் போகலாம், எந்தப் பெட்டியைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்ல வாய் வருவதில்லை. ஒரு பொருள் காணாமல் போன பிறகுதான் பேச்சு எழுகிறது. அப்போது அது பேச்சாக இருப்பதில்லை, பழியாக இருக்கிறது.

அனஸ் (ரலி) அவர்கள் தம் பத்தாண்டுப் பணியைப் பற்றித் தந்த சாட்சியம் நாம் அனைவரும் அறிந்ததுதான். ஒரு நாளாவது தம்மைப் பெருமானார் (ஸல்) சீ என்று சொன்னதில்லை. செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ, செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை. இதைக் கேட்கும் பலர், அவ்வளவு நன்றாக வேலை செய்திருப்பார் போலும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. தம்முடைய எல்லாக் காரியமும் தம் தலைவர் விரும்பியபடி அமைந்துவிடவில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சிறுபிள்ளையல்லவா! ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். போக மாட்டேன் என்று வாய் சொல்லிற்று. போக வேண்டும் என்று மனம் சொல்லிற்று. புறப்பட்டுப் போனால் கடைத்தெருவில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கத் திரும்பிப் பார்த்தால் பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அனஸ் என்பதைச் செல்லமாக உனைஸ் என்று கூப்பிட்டு, நான் சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்று அனஸ் ஓடினார்கள். வீட்டிலுள்ளவர் யாராவது அனஸைக் கடிந்துகொண்டால், விட்டுவிடுங்கள், விதிக்கப்பட்டிருந்தால் நடந்திருக்கும் என்று பெருமானார் (ஸல்) சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சம்பவத்தை நன்றாகப் பாருங்கள். வேலை கைவிடப்படவில்லை. சொன்ன இடத்துக்குப் போனாயா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எதிர்பார்ப்பில் விட்டுக்கொடுத்தல் இல்லை, ஏச்சில்தான் விட்டுக்கொடுத்தல். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். என்ன வேண்டும் என்பதைச் சொல்வதில் கஞ்சத்தனம், ஏசுவதில் தாராளம்.

கண்டிப்பான எதிர்பார்ப்பும் அந்த வீட்டில் இருந்தது. ஒருநாள் அனஸ் பையன்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோது பெருமானார் (ஸல்) வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸலாம் சொல்லி, அனஸை ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்ப நேரமாகிவிட்டது. ஏன் தாமதம் என்று உம்மு ஸுலைம் கேட்டார்கள். பெருமானார் (ஸல்) ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்று பதில். என்ன வேலை? அது ரகசியம். அந்தத் தாய் அதற்கு மேல் துருவவில்லை. அல்லாஹ்வின் தூதருடைய ரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்று கட்டளையிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தம் மாணவர் தாபித் அல்புனானியிடம், யாரிடமாவது சொல்வதானால் உன்னிடம் சொல்வேன் என்று மட்டும் அனஸ் (ரலி) சொன்னார்கள். அந்த வேலை என்னவென்று உலகத்துக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வீட்டில் கண்டதைக் கேட்டதை வெளியே சொல்லாத பணியாள் வேண்டுமென்று எல்லோரும் ஆசைப்படுகிறோம். அப்படியொரு பிள்ளை உருவாக, எஜமானரின் நம்பிக்கை ஒரு பக்கம், தாயின் வளர்ப்பு இன்னொரு பக்கம் என்று இரண்டும் தேவைப்பட்டன.

சாப்பாட்டு விஷயம் வேறு. ஒரு தையற்காரர் பெருமானாரை (ஸல்) விருந்துக்கு அழைத்தார். பணியாளாக இருந்த அனஸும் கூடப் போய் அதே உணவைத்தான் உண்டார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வந்தன. தட்டில் சுரைக்காய்த் துண்டுகளைப் பெருமானார் (ஸல்) தேடித் தேடி எடுப்பதை அனஸ் பார்த்தார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிடித்துப்போயிற்று என்றார்கள். எஜமானருக்கு எது பிடிக்கும் என்பதைக் கூட உட்கார்ந்து உண்ட பிள்ளை கண்டுகொண்டது! பணியாள் சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் கூட உட்கார வையுங்கள், முடியாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது கையில் கொடுங்கள், அடுப்பின் சூட்டைத் தாங்கியவர் அவரல்லவா என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறோம். அடுக்களையில் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்திருக்கும் வீடுகள் இதைப் படிக்கும் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியுமா?

உடைந்த பாத்திரத்தின் கதையும் அனஸ் (ரலி) சொன்னதுதான். பெருமானார் (ஸல்) ஒரு மனைவியாரின் இல்லத்தில் இருந்தபோது, இன்னொரு மனைவியார் பணியாளிடம் ஒரு தட்டில் உணவு கொடுத்தனுப்பினார்கள். வீட்டிலிருந்த அன்னையார் பணியாளின் கையில் தட்ட, தட்டு விழுந்து உடைந்தது. பெருமானார் (ஸல்) குனிந்து துண்டுகளைச் சேர்த்தார்கள், சிந்திய உணவையும் அள்ளி வைத்தார்கள். உங்கள் தாய்க்கு ரோஷம் வந்துவிட்டது என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார்கள். அந்தப் பணியாளை அப்படியே அனுப்பிவிடவில்லை. நிறுத்தி வைத்து, இந்த வீட்டிலிருந்த நல்ல தட்டை எடுத்துக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்த தட்டோடு அனுப்பினார்களானால் அங்கே போய் யாருக்கு விளக்கம் சொல்வது? பெரியவர்களுக்கிடையே நடந்ததற்குப் பணியாள் பதில் சொல்லும் நிலை வராமல் பார்த்துக்கொண்டார்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவரிடம் இருக்கும் பொருள் அமானிதம், அவருடைய அலட்சியத்தால் அல்லாமல் உடைந்தால் அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை என்பதே ஃபிக்ஹு நூல்களின் சட்டம். கண்ணாடிக் குவளை உடைந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

முஸ்லிமல்லாத பணியாளர்களும் அந்த வீட்டுக்கு உண்டு. யூதச் சிறுவர் ஒருவர் பணிவிடை செய்து வந்தார். அவர் நோயுற்றபோது பெருமானார் (ஸல்) அவருடைய வீடு தேடிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து நலம் விசாரித்தார்கள். இதையும் நமக்கு அறிவிப்பவர்கள் அனஸ் (ரலி) அவர்களே.

ஹிஜ்ரி 11, கி.பி. 632-ல் ஒரு திங்கட்கிழமை காலை, அபூபக்கர் (ரலி) தொழுகை நடத்திக்கொண்டிருக்கும்போது அறையின் திரையை விலக்கி மக்களைப் பார்த்துப் புன்னகை பூத்த அந்தத் திருமுகத்தை அனஸ் கண்டார்கள். அன்றே வபாத்து. அடக்கம் முடிந்து வந்தபோது அன்னை பாத்திமா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் தூதர் மீது மண்ணள்ளிப் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டது இந்த இருபது வயது வாலிபரிடம்தான்.

அதன்பின் கலீபா அபூபக்கர் (ரலி) அவர்களை பஹ்ரைனுக்கு ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். கையில் முத்திரையிட்ட கடிதம் ஒன்றும் கொடுத்தார்கள். 5 ஒட்டகத்துக்கு ஓர் ஆடு, மேய்ச்சலில் உள்ள 40 ஆட்டுக்கு ஓர் ஆடு என்று எண்ணிக்கை எண்ணிக்கையாக அதில் எழுதியிருந்தது. கிழட்டு விலங்கும் குறையுள்ளதும் எடுக்கக் கூடாது. இந்தக் கணக்குக்கு மேல் கேட்டால் மக்கள் கொடுக்க வேண்டாம் என்றும் கண்டிருந்தது. வேலை கொடுப்பவர், வேலை செய்பவர், வேலையால் பாதிக்கப்படுபவர் ஆகிய மூவருக்கும் ஒரே தாளில் தெளிவு.

பிறகு பஸ்ராவில் குடியேறினார்கள். அல்லாஹ் செல்வத்தை வாரி வழங்கினான். உம்மு ஸுலைம் கேட்டுக்கொண்டபடி பொருளிலும் மக்களிலும் பரக்கத் வேண்டிப் பெருமானார் (ஸல்) செய்த துஆ பலித்தது. அவர்களுடைய தோட்டம் ஆண்டுக்கு இருமுறை காய்த்தது. ஹஜ்ஜாஜ் பஸ்ராவுக்கு வந்த காலத்துக்குள் தம் வழித்தோன்றல்களில் 120-க்கு மேற்பட்டவர்களை அடக்கம் செய்திருந்தார்கள் என்றால், மீதமிருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பணியாளாக இருந்தவர்களுக்கு இப்போது பணியாளர்கள், அடிமைகள்.

இங்கேதான் அவர்களுடைய வாழ்வில் கடினமான ஓர் இடம் வருகிறது. பெரியோரை எடைபோட நமக்குத் தகுதியில்லை. ஆயினும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் பதிந்து வைத்ததை நாம் மறைக்க வேண்டியதுமில்லை. ஸீரீன் என்பவர் அனஸ் (ரலி) அவர்களின் அடிமை. ஐனுத் தம்ர் என்ற இடத்தில் சிறைப்பட்டு வந்தவர். செம்புப் பாத்திரம் செய்யும் தொழில் அறிந்தவர். கையில் பொருளும் சேர்த்திருந்தார். குறித்த தொகையைத் தவணை தவணையாகக் கட்டி விடுதலை பெற எழுதிக்கொள்ளும் முகாதபா என்ற உடன்படிக்கையை அவர் கேட்டார். அனஸ் (ரலி) இணங்கவில்லை. ஸீரீன் நேரே கலீபா உமரிடம் (ரலி) போனார். எழுதிக் கொடும் என்றார்கள் உமர் (ரலி). அப்போதும் அனஸ் மறுத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் சாட்டையை எடுத்து அடித்து, அந்நூர் அத்தியாயத்தின் 33-வது வசனத்தை ஓதிக் காட்டினார்கள். உங்கள் அடிமைகளில் உடன்படிக்கை கேட்பவர்களிடம் நன்மையைக் கண்டால் எழுதிக் கொடுங்கள் என்பது அதன் கருத்து. அனஸ் (ரலி) எழுதிக் கொடுத்தார்கள். தொகை 20,000 திர்ஹம் என்றும் 40,000 என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. எழுதித் தருவது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்கள் பேசட்டும்.

நம் மனத்தைத் தொடுவது வேறொன்று. பத்தாண்டுகள் ஒரு கடுஞ்சொல் கேளாமல் பணி செய்தவர்கள், அப்படிப்பட்ட இல்லத்தில் வளர்ந்தவர்கள், தாம் எஜமானரானபோது ஒரு தாளில் எழுதிக் கொடுக்கத் தயங்கினார்கள். அவர்களுக்கே அந்தத் தயக்கம் வந்ததென்றால் நாம் எம்மாத்திரம்! எழுதிக் கொடுத்துவிட்டால் கை கட்டப்பட்டுவிடுமே என்ற எண்ணம் எல்லா எஜமானருக்கும் வருவதுதான். எழுதாமல் இருக்கும்வரை சம்பளமும் நேரமும் விடுமுறையும் நம் மனம்போல. பணியாளுக்கோ நாளை என்ன என்று தெரியாது. தெரியாத இடத்தில் யார் நிற்பார்?

ஷரீஅத் இந்த மூடுமந்திரத்தை ஒப்பவில்லை. கூலிக்கு அமர்த்துவதான இஜாரா செல்லுபடியாக வேலையும் தெரிந்திருக்க வேண்டும், கூலியும் தெரிந்திருக்க வேண்டும். நீ வா, பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லி அமர்த்தினால் அந்த ஒப்பந்தம் பழுதானது. செய்த வேலைக்கு அந்த ஊர் வழக்கத்திலுள்ள கூலியைக் கொடுத்தாக வேண்டும். சோறும் துணியும் தருகிறோம், வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்வது நம் மக்களிடம் தருமம்போலத் தோன்றுகிறது. உணவையும் உடையையும் மட்டும் கூலியாகக் குறித்து ஆள் அமர்த்துவதை ஷாஃபிஈ மத்ஹபு ஏற்பதில்லை. எவ்வளவு என்று அளவு தெரியாத கூலி அது. ஹனஃபி மத்ஹபில் பாலூட்டும் தாய்க்கு மட்டும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அனுமதித்தார்கள். மாலிக்கி மத்ஹபு இதை அனுமதிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரம் குறித்து அமர்த்தப்பட்டவருக்கு பர்ளுத் தொழுகைக்கான நேரம் தானாகவே விலக்கு. அதற்காகக் கூலியைக் குறைக்க முடியாது. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிரி வழக்காடுபவன் என்று அல்லாஹ் அறிவித்திருப்பது புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸி. அதை நினைத்தால் உடல் நடுங்குகிறது. சென்ற மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் பத்தாம் தேதிவரை இழுப்பவர்கள் தொழுகையில் முதல் ஸப்பில் நிற்பதையும் பார்க்கிறோம்.

அனஸ் (ரலி) அவர்களின் பிற்காலத்துக்கு வருவோம். பெருமானாருக்குப் பணிவிடை செய்தவர் என்ற ஒன்றே அவர்களுக்கு மகுடமாயிற்று. வயதில் மூத்த ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) ஒரு பயணத்தில் அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அன்ஸாரிகள் அல்லாஹ்வின் தூதருக்குச் செய்ததைக் கண்ட பிறகு, அவர்களில் யாரைக் கண்டாலும் கண்ணியம் செய்வதென்று உறுதி கொண்டதாக ஜரீர் (ரலி) காரணம் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அருந்திய கோப்பை, விரிசலுக்கு வெள்ளி இட்டு இணைத்தது, அனஸிடம் இருந்தது. முடி தேய்ந்த காலணிகளும் இருந்தன. வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் வழியாக 2286 ஹதீஸ்கள் வந்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அபூஹுரைரா (ரலி), இப்னு உமர் (ரலி) ஆகியோருக்கு அடுத்த இடம். கொடுங்கோலன் ஹஜ்ஜாஜ் அந்த முதியவரின் கழுத்தில் ஈய முத்திரை இட்டு அவமானப்படுத்தினான். கலீபா அப்துல் மலிக்குக்கு அனஸ் (ரலி) கடிதம் எழுத, அவர் ஹஜ்ஜாஜைக் கடுமையாகக் கண்டித்தார்.

ஸீரீன் என்னவானார்? விடுதலை பெற்றார், குடும்பம் நடத்தினார், பிள்ளைகளைக் கல்வியில் ஆளாக்கினார். ஒரு மகனுக்கு அனஸ் என்றே பெயர். இன்னொரு மகன்தான் கனவு விளக்கத்தால் நம் மக்களிடமும் புகழ்பெற்ற இமாம் முஹம்மது இப்னு ஸீரீன் (ரஹ்). அவர்கள் பாரசீகத்தில் அனஸ் (ரலி) அவர்களின் எழுத்தராக இருந்தார்கள். அவர்களிடமே ஹதீஸும் கற்றார்கள்.

ஹிஜ்ரி 93-ஐ ஒட்டி, நூறு வயதைக் கடந்த நிலையில், பஸ்ராவுக்கு வெளியே இருந்த தம் இல்லத்தில் அனஸ் (ரலி) அவர்கள் வபாத்தானார்கள். பஸ்ராவில் மறைந்த கடைசி ஸஹாபி அவர்களே. தம் மய்யித்தை முஹம்மது இப்னு ஸீரீன் குளிப்பாட்டித் தொழவைக்க வேண்டும் என்று வஸிய்யத் செய்திருந்தார்கள். இப்னு ஸீரீனோ அப்போது கடனுக்காகச் சிறையில் இருந்தார்கள். கடனுக்கு வாங்கிய எண்ணெயில் எலி கிடந்ததென்று முழுவதையும் கொட்டிவிட்டதால் வந்த கடன் அது என்று ஓர் அறிவிப்பு சொல்கிறது. அமீரிடம் அனுமதி வாங்கி வந்து கதவைத் திறந்தார்கள். என்னைச் சிறை வைத்தவர் அமீரல்ல, கடன் கொடுத்தவர். அவருடைய அனுமதி வேண்டும் என்று இப்னு ஸீரீன் நின்றுவிட்டார்கள். கடன் கொடுத்தவரிடமும் போய் அனுமதி வாங்கினார்கள். பின்னரே வெளியே வந்து, தம் தந்தைக்கு உடன்படிக்கை எழுதிக் கொடுத்த அந்தப் பெரியவரைக் குளிப்பாட்டி, கபன் இட்டு, தொழவைத்தார்கள். அடக்கம் முடிந்ததும், வழியில் இருந்த தம் வீட்டாரைக்கூடப் போய்ப் பார்க்காமல், நேரே சிறைக்குத் திரும்பினார்கள்.